வீட்டு நாய்க்கு மாசம் எவ்வளவு ஆகுது? தேனி, கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரு செலவுப் பாடம்

கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை, தோட்டம் இருக்கிற வீடு என்றால் பெரும்பாலும் ஒரு நாயும் இருக்கும். தென்னந்தோப்புக்குக் காவல், திராட்சைப் பந்தலுக்குக் காவல், ஏலக்காய் வேலைக்கு மலைக்குப் போகிறவர் வீட்டில் பெரியவர்களுக்குத் துணை. முன்னெல்லாம் "நாய்தானே, மிச்சம் மீதி போட்டா வளர்ந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டார்கள். இப்போது தீவனப் பை, ஷாம்பு, ஊசி, கிளினிக் பில் என்று செலவு கையை மீறிப் போகிறது.

செலவைக் குறைக்க நினைக்கும்போது பலர் முதலில் கைவைப்பது தடுப்பூசியில்தான். அங்கேதான் கணக்கு தப்பாகிறது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது, அரசு மூலம் எது இலவசமாகக் கிடைக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். கையில் ஒரு பேனாவும் தாளும், அல்லது போனில் குறிப்பு எழுதும் செயலியும் இருந்தால் போதும்.

பாடம் 1: வாங்கும்போதே பாதிச் செலவு முடிவாகிவிடும்

நாய்க்கு ஆகிற செலவு அதன் இனத்தைப் பொறுத்தது. அடர்ந்த முடியுள்ள குளிர்நாட்டு நாயைக் கம்பம் வெயிலில் வளர்த்தால் மின்விசிறி, முடி பராமரிப்பு, தோல் நோய் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செலவு வரும். நாயும் படாதபாடு படும்.

நம் ஊருக்கே சொந்தமான இனம் ஒன்று இருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள கோம்பை ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் கோம்பை நாய்தான் அது. குட்டையான முடி, கட்டான உடம்பு, பெரும்பாலும் செம்பழுப்பு நிறம், கருத்த மூக்குப் பகுதி. ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டது, இன்றைக்கும் காவலுக்குப் பெயர் பெற்றது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பிரதமர் 2020 ஆகஸ்ட் 30 அன்று தமது வானொலி உரையில் குறிப்பிட்டு, நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னார். குட்டை முடி என்பதால் குளிப்பாட்டும் செலவும் முடி வெட்டும் செலவும் மிகக் குறைவு. தெருவில் பிறந்த சாதாரண நாட்டுக் குட்டியை எடுத்து வளர்த்தால் வாங்கும் செலவே இல்லை, காவலிலும் அது குறை வைக்காது.

காசு கொடுத்து வாங்குவதென்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

- 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளில் உள்ளது. தாய்ப்பால் மறக்காத குட்டியை வாங்கினால் மருத்துவச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.
- இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள்.
- நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அழகான குட்டியின் படத்தைப் போட்டு, முதலில் முன்பணம், பிறகு வண்டி வாடகை, அப்புறம் ஊசிக்கு என்று யூ.பி.ஐ. மூலம் கறக்கும் மோசடிகள் நடக்கின்றன. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

பாடம் 2: சாப்பாட்டுக் கணக்கு

மாதச் செலவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். முதலில் நாயின் எடை தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நாயின் எடை வந்துவிடும். பெரிய நாய் என்றால் கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த, ஆரோக்கியமான வீட்டு நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தி தோராயமாக இவ்வளவு:

- 8 கிலோ எடை: சுமார் 530 கலோரி
- 16 கிலோ எடை: சுமார் 900 கலோரி
- 24 கிலோ எடை: சுமார் 1,200 கலோரி

எடை மூன்று மடங்கானாலும் தேவை மூன்று மடங்காவதில்லை என்பதைக் கவனியுங்கள். "பெரிய நாய், ரெண்டு மடங்கு போடு" என்று போடுவதில்தான் தீவனம் வீணாகிறது. குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய் ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது 16 கிலோ நாயை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காகப் போட்டவை. உங்கள் கடை விலையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கடைத் தீவனம்: உலர் தீவனம் 100 கிராமில் பொதுவாக 350 கலோரி அளவுக்கு இருக்கும். சரியான எண் பையின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். 900 கலோரிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறக்குறைய 255 கிராம் போதும். ஒரு கிலோ 200 ரூபாய் என்றால் நாளைக்கு 51 ரூபாய்.

வீட்டுச் சாப்பாடு: அரிசி 150 கிராம், எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராம், முட்டை 2, பூசணி அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் ஒன்றரை தேக்கரண்டி. இதுவும் சுமார் 880 கலோரி வரும். அரிசி கிலோ 50, கறி கிலோ 220, முட்டை 6, காய் கிலோ 30 என்று வைத்தால் 7.50 + 22 + 12 + 3, அதோடு எண்ணெய் 1 ரூபாய், மொத்தம் 45.50. கேஸ் செலவு தனி.

ஆக இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "வீட்டுச் சாப்பாடுன்னா செலவே இல்லை" என்பதும் சரியில்லை, "கடைத் தீவனம் போட்டாத்தான் நாய் நல்லாயிருக்கும்" என்பதும் சரியில்லை. அப்படியானால் மிச்சம் எங்கே இருக்கிறது? அளவில் இருக்கிறது. கண்ணளவில் அள்ளிப் போடும்போது 250 கிராம் சுலபமாக 350 கிராம் ஆகிவிடும். நாளைக்கு 100 கிராம் கூடுதல் என்றால் மாதம் 3 கிலோ, அதாவது 600 ரூபாய். ஒரு பழைய டம்ளரில் 250 கிராம் அளந்து, கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலாப் பக்கம் கையை வைத்துத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் நாய் குண்டாகிறது, அளவைக் குறையுங்கள். எலும்பு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் கூட்டுங்கள்.

வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறை உண்டு: அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். 16 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி சோற்றில் கலந்தால் போதும். இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. வருடக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டுமே கொடுப்பதாக இருந்தால், மற்ற சத்துக்கள் சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.

பாடம் 3: காசு மிச்சம் என்று நினைத்து விஷம் வைக்காதீர்கள்

நம் பகுதிக்கு இது முக்கியமான பாடம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் திராட்சை விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலுக்கு அடியில் உதிர்ந்த பழம், தரம் பிரித்ததில் கழித்த பழம் எல்லாம் நாய்க்கு எட்டும்படி கிடக்கும். திராட்சை நாய்க்கு ஆகாது. உலர் திராட்சையும் ஆகாது. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். "இவ்வளவு தின்றால் ஒன்றும் செய்யாது" என்று சொல்ல பாதுகாப்பான அளவு கிடையாது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் அதிகம்.

தின்ற ஒரு நாளுக்குள் வாந்தி, சோர்வு, சாப்பிடாமல் படுப்பது, பிறகு சிறுநீர் குறைவது ஆகியவை அறிகுறிகள். அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தின்றதைப் பார்த்தவுடன் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதல் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற முடியும். சிறுநீரகம் கெட்டபின் பல நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். செலவும் ஏறும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

வேறு எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

- வெங்காயம், பூண்டு: ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சின்ன வெங்காயம் போட்ட சாம்பார், புளிக்குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். நாய்க்குச் சோறு எடுத்து வைத்த பிறகு குழம்பைத் தாளியுங்கள்.
- வேகவைத்த கோழி எலும்பு: கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும்.
- சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம்.
- கருவாடு: உப்பு மிக அதிகம்.
- கறிக்கடையிலிருந்து வரும் பச்சைக் கழிவு: விலை குறைவுதான், கிருமியும் புழுவும் கூடவே வரும்.
- மனிதர்களுக்கான காய்ச்சல், வலி மாத்திரை: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாய்க்கு ஆபத்து. "நமக்குப் போடுற மாத்திரையில பாதி குடுத்தேன்" என்பது மருத்துவர்கள் கேட்க விரும்பாத வார்த்தை.

பாடம் 4: உண்ணிக்குப் பயிர் மருந்து அடிக்காதீர்கள்

வெயில் காலத்தில் உண்ணித் தொல்லை கூடும். தோட்டத்தில் மீந்த பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலக்கி நாய் மேல் ஊற்றுவது சில இடங்களில் வழக்கம். நாய் அதை நக்கும், தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும். கை கால் வெட்டி இழுத்து நாய் செத்தும் போகலாம். அந்த நாயைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் ஆபத்து.

உண்ணியின் வாழ்நாளில் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும்தான் கழிகிறது. ரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கான முட்டை இடும். அதனால் நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்பைப் பூசி அடையுங்கள், வெள்ளையடியுங்கள். படுக்கைச் சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் காது, கழுத்து, விரலிடுக்கு பார்த்து, இடுக்கியால் உண்ணியைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறும் விரலால் நசுக்க வேண்டாம். இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நாயின் எடைக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை என்று செலவு பல மடங்காகிவிடும்.

குளிப்பாட்டுவதில் மிச்சம் பிடிக்கலாம். குட்டை முடி நாய்க்கு மாதம் ஒருமுறை குளியல் போதும். மற்ற நாள் ஈரத்துணியால் துடைத்து, சீப்பால் வாரினால் சரி.

பாடம் 5: ஊசிச் செலவில் அரசு உதவி

வெறிநாய்க்கடி நோய் வந்தபின் காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. நாய்க்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. ஆனால் தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்க முடியும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த இரண்டு தேதிக்கும் போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். முகாம் தவறிவிட்டால் ஆண்டு முடியட்டும் என்று இருக்காமல், பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில், ஊரில் சொல்கிற மாட்டாஸ்பத்திரியில், ஊசி இருப்பைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

- வெறிநோய் ஊசி: குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுக்கொருமுறை.
- பார்வோ, டிஸ்டெம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி: 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. இதற்குப் பொதுவாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். இதை மிச்சம் பிடிக்காதீர்கள். பார்வோ வந்தால் ரத்தக்கழிச்சலோடு நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், நோயில் ஒரு குட்டி செத்த வீட்டில் ஊசி போடாத அடுத்த குட்டியை உடனே கொண்டுவராதீர்கள்.
- குடற்புழு மருந்து: குட்டிக்கு 2 வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை 3 மாதம் வரை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் 3 மாதத்துக்கு ஒருமுறை. எடை சொல்லி வாங்கினால் அளவு தப்பாது.
- கருத்தடை: வேண்டாத குட்டிகளை வளர்க்கும் செலவு மிச்சம். பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயும் வராது. அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

அரசு கால்நடை மருந்தகத்தில் தனியார் கிளினிக்கில் வாங்குவதுபோன்ற ஆலோசனைக் கட்டணம் கிடையாது. இருப்பில் இல்லாத மருந்தை மட்டும் வெளியே வாங்க வேண்டியிருக்கலாம். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் தேனியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லா எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. ஆடு மாடுகளுக்கான அவசர சேவையே அதன் முதல் வேலை. நாயின் அவசரத்துக்கு அருகில் எங்கே போகலாம் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

ஊசிச் சீட்டை வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, நாயின் பெயரில் ஒரு கோப்பில் வையுங்கள். சீட்டு தொலைந்து, போட்ட ஊசியையே மறுபடி போடும் செலவு இதனால் மிச்சமாகும். நாய் யாரையாவது கடித்துவிட்டால் காட்டவும் இது தேவை. நகராட்சி, பேரூராட்சி எல்லையில் இருப்பவர்கள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் தேவையா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கிறார்கள், சொல்கிறோம்

*"எங்க நாய் தோட்டத்தை விட்டு வெளியவே போறதில்லைங்க. அதுக்கு எதுக்கு ஊசி?"*
நாய் வெளியே போகாவிட்டாலும் தெருநாய், கீரி, நரி தோட்டத்துக்குள் வரும். மலையடிவாரத்தில் இது சகஜம். அதனால் ஊசி கட்டாயம் வேண்டும்.

*"வீட்டு நாய்தான் லேசா பல்லு பட்டுருச்சு. ஊசி போட்ட நாய்தான். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"*
போகத்தான் வேண்டும். முதலில் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள். ஆழமான காயத்துக்குக் கூடுதலாக இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். கானாவிலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. "ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்" என்று கூலி வேலையைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். எந்த நாளைக்கு எந்த ஊசி என்று மருத்துவர் சொல்கிறாரோ, அதை முடிக்க வேண்டும்.

*"மாசம் கையில காசு இருக்கிறப்ப வைத்தியம், இல்லாதப்ப விட்டுடறோம். வேற வழி?"*
தடுப்பூசி, புழு மருந்து, உண்ணி மருந்து மூன்றுக்கும் ஒரு வருடத்துக்கு ஆகும் தொகையைக் கூட்டி 12-ஆல் வகுத்து, மாதாமாதம் அஞ்சலக சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். திடீர் நோய்க்கும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம்.

வீட்டுப்பாடம்

இந்த வாரத்துக்குள் இவற்றை முடியுங்கள்:

1. நாயின் எடையைப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒரு நாள் தீவனத்தை அளந்து, மேலே உள்ள கணக்கோடு ஒப்பிடுங்கள்.
3. கடைசியாக வெறிநோய் ஊசி போட்ட தேதியைத் தேடுங்கள். சீட்டு கிடைக்கவில்லை, அல்லது ஓராண்டு தாண்டிவிட்டது என்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.
4. ஊசிச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த ஊசி, அடுத்த புழு மருந்து இரண்டுக்கும் போனில் நினைவூட்டல் போடுங்கள்.
5. திராட்சை, உலர் திராட்சை, புளி, மாத்திரை, பூச்சிக்கொல்லி எல்லாம் நாய்க்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தில் மூன்றாவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தீவனத்திலும் ஷாம்புவிலும் நூறு இருநூறு குறைத்துக்கொள்ளலாம். வெறிநோய் ஊசி அரசு முகாமில் இலவசம், அதைப் போடாமல் விட்டால் ஆபத்து நாயோடு நிற்காது, வீட்டுப் பிள்ளைகளையும் பிடிக்கும்.